வாழும் வீடும் வாங்கும் வீடும்: தில்லி தரும் பாடம்

மைய அரசுப் பணியாளர் ஒருவர் ஓய்வு பெறும் நாள், அவர் பணியில் சேர்ந்த அன்றே கணக்கிட்டுச் சொல்லக்கூடிய நாளாகும். பிறந்த தேதி தெரிந்தால் போதும். அப்படியிருந்தும், அந்த நாளுக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்னும் கேள்வி தில்லியில் பல குடும்பங்களில் கடைசி ஆண்டுவரை விடையின்றியே நிற்கிறது. அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய விதிகள் சில மாதங்களே அவகாசம் அளிக்கின்றன. முப்பது ஆண்டுச் சேமிப்பின் பெரும்பகுதியை விழுங்கக்கூடிய முடிவொன்று, பிரிவுபசார விழாவுக்கும் சாமான் மூட்டை கட்டுவதற்கும் இடையே, அவசரத்தில் எடுக்கப்படுகிறது.

இக்கட்டுரை அந்த முடிவைப் பற்றியது. தில்லித் தமிழர்களை முன்வைத்துப் பேசினாலும், முதல் வீடு வாங்க எண்ணும் இளந்தம்பதியருக்கும், பணிமாற்றத்தால் ஊர் மாறுவோருக்கும் இதில் கூறப்படுவன பொருந்தும்.

'எங்கே வீடு வாங்குவது?' என்று நாம் ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். உண்மையில் அதனுள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நம் அன்றாட வாழ்வு எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பது ஒன்று. எந்தச் சொத்து நம் பெயரில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. சேமிப்பை எந்த வடிவில் வைத்திருப்பது என்பது இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே விடை அமைந்தால் மகிழ்ச்சியே. ஆனால் அப்படி அமைந்தே தீர வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. ஒன்றுக்கான விடையை மற்றொன்றுக்கான விடையாக எண்ணிக்கொள்ளும்போதுதான் தவறுகள் நேர்கின்றன.

குவார்ட்டர்ஸ் தள்ளிவைத்த கேள்வி

இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு 1911-இல் வந்தது. புது தில்லி 1931-இல் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. ஆங்கிலக் கல்வியும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்ற தமிழர்கள் அந்த ஆண்டுகளிலேயே அலுவலகப் பணிகளுக்காக இங்கு வரத் தொடங்கிவிட்டனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கென 1923-இல் தொடங்கப்பட்ட பள்ளியே பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக வளர்ந்தது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. 1973-இல் இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மலை மந்திர் என்று தில்லி முழுவதும் அறியும் கோயில் அது. பள்ளி, சங்கம், கோயில் என ஒரு சமுதாயம் வேரூன்றத் தேவையானவை ஐம்பது ஆண்டுகளுக்குள் அமைந்துவிட்டன.

ஆயினும் அவர்களில் பெரும்பகுதியினர் வாழ்ந்த வீடு அவர்களுடையது அன்று. லோதி காலனியிலும் சரோஜினி நகரிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் அரசு அளித்த குடியிருப்பு; இல்லையேல் கரோல் பாக்கில் வாடகை வீடு. குவார்ட்டர்ஸ் ஒரு விசித்திரமான வசதி. நகரின் நடுவில் மரங்களும் பூங்காவும் பள்ளியும் சூழ்ந்த இடத்தில் சிறு உரிமக் கட்டணத்துக்கு வாழ வைக்கும். எங்கே வாழ்வது என்ற கேள்விக்கு அரசே விடையளித்துவிடும். அதனாலேயே உரிமை பற்றிய கேள்வியைத் தள்ளிப்போடுவது எளிதாயிற்று. யாரேனும் கேட்டால், 'ஊரில் வீடு இருக்கிறதே' என்று ஒரு பதில் தயாராக இருந்தது.

அந்தப் பதிலைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. ஊரில் இருக்கும் வீடு பெரும்பாலும் பாகப்பிரிவினை ஆகாத வீடு. தாத்தா பெயரில் பத்திரம், பெரியப்பா பெயரில் வரி ரசீது, சித்தப்பா குடும்பம் குடியிருப்பு என்றிருக்கும். பூர்வீகச் சொத்தில் மகன்களுக்கு இணையாக மகள்களுக்கும் உரிமை தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தாலும், நாடு முழுவதும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் வந்துவிட்டது. ஆகவே அத்தைமார்கள், அக்கா தங்கையர் ஆகியோரின் பங்கையும் கணக்கில் கொள்ளாமல் 'என் வீடு' என்று சொல்ல இயலாது. பணி ஓய்வுக்குப் பத்தாண்டு முன்பே உட்கார்ந்து பேசித் தீர்த்திருந்தால் அது வீடு. பேசாதிருந்தால் அது நினைவு மட்டுமே. இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குலுக்கலில் வென்று திருப்பித் தந்தவர்கள்

தில்லியில் நடுத்தரக் குடும்பங்கள் சொந்த வீட்டுக்கு நம்பியிருந்தது 1957-இல் சட்டத்தின் வழி அமைக்கப்பட்ட தில்லி வளர்ச்சி ஆணையத்தை. டி.டி.ஏ. என்ற மூன்றெழுத்து இங்குள்ள எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் விளக்க வேண்டியதில்லை. 1979-இல் அது அறிவித்த புதிய முறைப் பதிவுத் திட்டத்தில் 1,70,000-க்கும் மேற்பட்டோர் பணம் கட்டிப் பெயரைப் பதிந்தனர். அவர்களில் பலர் இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தனர். பதிவு செய்தபோது பள்ளி சென்ற பிள்ளை, ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தபோது வேறு நகரில் வேலையில் இருந்தான். மேலும் வீட்டின் விலை பதிவு செய்த ஆண்டின் விலையன்று. ஒதுக்கப்பட்ட காலத்தின் விலை. பதிவு ரசீது கையில் இருக்கிறதென்று வேறு ஏற்பாடு எதுவும் செய்யாதிருந்தவர்கள், காத்திருப்பதும் ஒரு முடிவே என்பதைத் தாமதமாக உணர்ந்தனர். அமைச்சகங்களிலும் வங்கிகளிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் பணியாற்றிய சிலர் மட்டும் ஒன்றுகூடிக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் அமைத்தனர். மயூர் விஹாரிலும் பட்பர்கஞ்சிலும் துவாரகாவிலும் இன்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் அடுக்ககங்களில் பல அவ்வாறு எழுந்தவை. அவற்றிலும் தாமதங்கள் உண்டு, பூசல்களும் உண்டு. ஆனால் அண்டை வீட்டார் யார் என்பது அடித்தளம் போடும் முன்னரே தெரிந்திருந்தது.

பாடமாகக் கொள்ளத்தக்க இன்னொரு நிகழ்வு அண்மைக் காலத்தது. 2014-ஆம் ஆண்டு டி.டி.ஏ. சுமார் 25,000 வீடுகளைக் குலுக்கல் முறையில் விற்க முன்வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ நாற்பது பேரில் ஒருவருக்கே வாய்ப்பு. அத்தகைய குலுக்கலில் பெயர் வருவது நற்பேறு என்றுதானே எண்ணுவோம்? ஆனால் வென்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் வீட்டைத் திருப்பி அளித்துவிட்டனர். அறைகள் மிகச் சிறியவை, பேருந்தும் மெட்ரோவும் தொலைவு, கடையும் மருத்துவமனையும் பள்ளியும் அருகில் இல்லை என்பன அவர்கள் சொன்ன காரணங்கள். நரேலா, ரோஹிணி, துவாரகாவின் புறப்பகுதிகள் ஆகியவற்றில் கட்டப்பட்ட வீடுகள் பூட்டியபடியே கிடந்தன. 2017-இல் வந்த அடுத்த திட்டத்தின் சுமார் 12,000 வீடுகளில் பெரும்பாலானவை இவ்வாறு மீந்தவையே. வீட்டைத் திருப்பி அளிப்போரின் பதிவுத் தொகையில் பிடித்தம் செய்யும் விதியும் அப்போது சேர்க்கப்பட்டது.

இவர்கள் அறியாதவர்கள் அல்லர். படித்தவர்கள், விண்ணப்பத்தை வரி வரியாக நிரப்பியவர்கள். அவர்கள் செய்த பிழை ஒன்றே. உரிமை பற்றிய கேள்விக்கு முதலில் விடை தேடி, வாழ்வு பற்றிய கேள்வியைக் குலுக்கல் முடிந்த பிறகு கேட்டனர். சாவி கிடைக்கப் போகிறது என்ற நிலையில்தான் அந்த இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்தனர். அலுவலகத்திலிருந்து அங்கு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை முன்பே ஒரு திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குப் பயணம் செய்து பார்த்திருந்தால், விண்ணப்பப் படிவத்துக்கான செலவோடு போயிருக்கும்.

அதே நரேலா 2025-இல் மற்றொரு வகையில் தமிழர் பேச்சில் இடம்பெற்றது. ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகாலின் ஓரம் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப், நீதிமன்ற ஆணையின் பேரில் அவ்வாண்டு ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகளில் 189 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன; வீடு கிடைத்த இடம் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரேலா. அக்குடும்பங்களின் பெண்களில் பலர் அருகிலுள்ள காலனிகளில் வீட்டு வேலை செய்து வந்தவர்கள். இந்த முடிவை அவர்கள் எடுக்கவில்லை, அவர்களுக்காக எடுக்கப்பட்டது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி, தேர்வு செய்யும் வசதியுள்ள நாம் கேட்க மறப்பது. வேலையும் பிள்ளையின் பள்ளியும் இங்கிருக்க, வீடு மட்டும் அங்கிருந்து என்ன பயன்?

செங்கல்லை நம்பிய சேமிப்பு

மூன்றாவது கேள்வியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நாளிதழ்கள் போதுமான அளவு எழுதிவிட்டன. நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் ஆம்ரபாலி குழுமத்தின் திட்டங்களில் பணம் செலுத்திய 42,000-க்கும் மேற்பட்டோர் வீடு கிடைக்காமல் தவித்தனர். 2019 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் ரெரா பதிவை இரத்து செய்து, எஞ்சிய கட்டுமானத்தை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது. ஒரு கையால் வாடகையும் மறு கையால் கடன் தவணையும் செலுத்திய குடும்பங்களின் ஆண்டுகளை எந்தத் தீர்ப்பாலும் மீட்டுத்தர இயலாது. அவர்களில் குடியிருக்க வாங்கியவர்களும் உண்டு. விலை ஏறும் என்று சேமிப்பை அங்கே வைத்தவர்களும் உண்டு. இருவருக்கும் வேண்டியது வேறு வேறு. குடியிருக்க வேண்டியவருக்கு, கட்டி முடித்து மக்கள் வாழும் அடுக்ககத்தில் பழைய வீடொன்று, சற்று விலை கூடுதலாயினும், பொருத்தமாக இருந்திருக்கும்.

2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் இன்று ஓரளவு காப்பளிக்கிறது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அத்திட்டத்துக்கே செலவிட வேண்டும்; சுவர்களுக்கு உள்ளே நாம் உண்மையில் பயன்படுத்தும் தரைப்பரப்பைக் கணக்கிட்டே விற்க வேண்டும். ஆவணங்களிலும் தில்லிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பொது அதிகார ஆவணம், உயில், விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றை மட்டும் கொண்டு வீடு கைமாறும் வழக்கம் இங்கு நெடுங்காலம் இருந்தது. அவை உரிமையை மாற்றித்தர மாட்டா என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கியது. அங்கீகாரமற்ற 1,731 காலனிகளில் வாழ்வோருக்கு உரிமை வழங்க 2019-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. வங்கி ஒரு வீட்டின் மீது கடன் தர மறுத்தால், வருந்துவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். சட்ட ஆய்வாளரின் மறுப்பு பல வேளைகளில் உங்களுக்குக் கிடைக்கும் மிக மலிவான அறிவுரையாக இருக்கும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கணவர் அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராகச் சேர்ந்து உயர்ந்தவர். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் உள்ளன. மனைவி இசை ஆசிரியை. குடியிருப்பு இராமகிருஷ்ணபுரத்தில். மகன் பெங்களூரில், மகள் குருகிராமில். கணவரின் விருப்பம் கும்பகோணத்தை அடுத்த சொந்த ஊர். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமலிருப்பதைக் கணவர் இசைவென்று எண்ணியிருக்கிறார்.

அவருடைய கடைசி அடிப்படை ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்க. ஓய்வூதியம் அதில் பாதி, 50,000 ரூபாய். அதில் 40 சதவீதத்தைத் தொகுத்து முன்னதாகப் பெற்றால், அதாவது கம்யூட்டேஷன் செய்தால், கைக்கு வருவது சுமார் 19.6 லட்சம், ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மாதம் 20,000 ரூபாய் குறையும். பணிக்கொடையின் உச்ச வரம்பு 25 லட்சம். வருங்கால வைப்பு நிதியும் விடுப்புச் சம்பளமும் சேர்த்து மொத்தம் 85 லட்சம் வருவதாக வைத்துக்கொள்வோம். வாழ்வில் முதல்முறையாக இவ்வளவு பெரிய தொகையைக் கணக்குப் புத்தகத்தில் காண்பார். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு அந்தத் தொகை முழுவதையும் கொட்டி, மீதிக்குக் கடன் வாங்கலாம் என்ற எண்ணம் அந்த மாதத்தில்தான் தோன்றும்.

இங்கே ஒரு விரும்பத்தகாத கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். இருவரில் ஒருவர் மட்டும் எஞ்சும் காலத்தில் என்ன நிகழும்? கணவர் மறைந்தால், உயர்விகிதம் வழங்கப்படும் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு, குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். அதாவது அகவிலைப்படி நீங்கலாக 30,000 ரூபாய். பராமரிப்புக் கட்டணம், மருந்து, மின்சாரம் ஆகியவற்றை அந்தத் தொகையில் சமாளித்துக்கொண்டு, மூன்றாம் மாடி வீட்டில் மின்தூக்கி பழுதான நாளில் அவர் என்ன செய்வார்? வைப்புத்தொகை எதுவும் மீதமின்றி வீடு மட்டும் இருந்தால், அவர் சொத்துடையவர். ஆனால் கையில் பணம் இல்லாதவர். சமையலறைக் கதவை விற்று மருந்து வாங்க முடியாது. வீடு வாங்கிய பின்னரும் குறைந்தது மூன்றாண்டுச் செலவுக்கான தொகை வைப்பில் நிற்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அது நிற்காது என்றால் அந்த வீடு அவர்களுக்கு விலை அதிகம்; சிறிய வீட்டையோ வாடகையையோ எண்ண வேண்டும்.

வாடகை என்றதும், 'வீணாகப் போகும் பணம்' என்பார்கள். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 25,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு மூன்று லட்சம். விலையில் மூன்று சதவீதம். அதே ஒரு கோடி ஆறு சதவீத வட்டியில் இருந்தாலும் ஆண்டுக்கு ஆறு லட்சம் வரும். வரி போக மிஞ்சுவது வாடகையைத் தாண்டும். வீட்டின் விலை உயரக்கூடும் என்பது உண்மை; வாடகையும் உயரும், வைப்பின் மதிப்பைப் பணவீக்கம் அரிக்கும் என்பதும் உண்மை. ஆகவே வாங்குவதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. வாடகை எப்போதும் நட்டம் என்ற எண்ணம் கணக்குக்கு நிற்காது என்பதே பொருள். வாங்கியதை மாற்றிக்கொள்ளும் செலவும் பெரிது. தில்லியில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து விலையில் ஐந்து முதல் எட்டு சதவீதம் வரை போகும். பெண் பெயரில் பதிந்தால் தீர்வை இரண்டு சதவீதம் குறைவு என்பதை நினைவில் கொள்க. இச்செலவுகள் பொதுவாகக் கடன் கணக்கில் சேரா; கைப்பணமாகவே தர வேண்டும்.

இளையோருக்கும் ஒரு கணக்கு. 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனென்றால் வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரையிலும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனென்றால் 80 சதவீதம் வரையிலும் வழங்க ரிசர்வ் வங்கியின் விதி இடமளிக்கிறது. தருவார்கள் என்பதற்காக முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. 8.5 சதவீத வட்டியில் 50 லட்சம் ரூபாயை இருபது ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை 43,391 ரூபாய். மொத்த வட்டி 54 லட்சத்தைத் தாண்டும். பன்னிரண்டு ஆண்டுகளில் அடைத்தால் தவணை சுமார் 55,500. வட்டி 30 லட்சத்துக்குள் அடங்கும். வட்டி ஒரு சதவீதம் உயர்ந்தால் இருபது ஆண்டுத் தவணை 46,600 ரூபாயாகும். அந்த உயர்ந்த தவணையை இப்போதே ஓராண்டு மாதந்தோறும் தொடர் வைப்பில் செலுத்திப் பாருங்கள். செலுத்த முடிந்தால் கடன் உங்களால் தாங்கக்கூடியது; கையில் முன்பணமும் சேர்ந்திருக்கும். மாறும் வட்டியில் தனிநபர் பெறும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் இல்லை. எனவே நீண்ட தவணைக் காலத்தைக் கொண்டு, கூடுதல் வருவாய் வரும்போதெல்லாம் அசலைக் குறைப்பதும் நல்ல வழியே.

ஒரு வார ஏடு

மீண்டும் அந்தக் குடும்பத்துக்கு வருவோம். பணக் கணக்கைப் போட்டாயிற்று. வாழ்வுக் கணக்கை எப்படிப் போடுவது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கணவனும் மனைவியும் தனித்தனியே, ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல், ஒரு வாரம் முழுவதும் எழுத வேண்டும். வீட்டை விட்டு எங்கே போனோம், நடந்தா பேருந்திலா, எவ்வளவு நேரம், யாரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசினோம் என்ற விவரங்கள் மட்டும். விருப்பு வெறுப்புகளை எழுத வேண்டாம்.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் அந்த ஏடுகள் இவ்வாறு இருக்கக்கூடும். கணவரின் ஏட்டில் அலுவலகம், மாலை நடை, சனிக்கிழமை மலை மந்திர். பேசியவர்கள் அலுவலக நண்பர்கள் இருவர். இரண்டாண்டில் அந்த இருவரும் ஓய்வு பெற்றுவிடுவர். மனைவியின் ஏட்டில் பாட்டு கற்கும் பிள்ளைகள் பதினொருவர், சங்கத்து நூலகம், காய்கறி வண்டிக்காரர், கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள், முழங்கால் வலிக்கு இருபது ஆண்டுகளாகப் பார்க்கும் மருத்துவர். 'தில்லியில் நமக்கென்ன இருக்கிறது?' என்று அவர் கேட்டுவந்த கேள்விக்கு, 'உங்களுக்கு' என்று ஒரு சொல்லைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். அவர் விரும்பும் ஊர் பல பத்தாண்டுகளுக்கு முன் அவர் சிறுவனாக இருந்த ஊர் என்பதும் அப்போது பேச்சுக்கு வரும். இதனால் ஊர் திரும்புவது தவறாகிவிடாது. மனைவி அங்கே போய்ப் பதினொரு மாணவர்களை மீண்டும் தேட வேண்டியிருக்கும் என்பது முடிவின் விலையில் சேர்க்கப்படும், அவ்வளவே.

சொல்லிச் சேர்க்க வேண்டிய வேறு விலைகளும் உண்டு. மைய அரசு மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். வசதி தில்லியில் நடக்கும் தொலைவில் இருக்கிறது, சென்னை, திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களிலும் உண்டு, சிற்றூர்களில் இல்லை. அவ்வசதி இல்லாத இடத்தில் வாழும் ஓய்வூதியருக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி கிடைக்கும். எழுபது வயதில் அந்த ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு? மறுபுறம், தீபாவளியை ஒட்டித் தில்லியில் காற்று நச்சாகும் வாரங்களை நுரையீரல் வலுக்குறைந்த ஒருவரால் தாங்க முடியுமா என்பதும் அதே தாளில் எழுதப்பட வேண்டியது.

எழுதியதைக் கொண்டே தீர்மானிக்கவும் கூடாது. வாழ்ந்து பார்க்க வேண்டும். ஊரை மார்கழியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; தில்லியைப் பிப்ரவரியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டும் அப்போது அழகாகத்தான் இருக்கும். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நாம் ஊர் போகிறோம். உறவினர் அனைவரும் கூடியிருப்பர். வைகாசி வெயிலில் மின்தடை உள்ள பிற்பகலில், ஐப்பசி மழையில் தெரு நிறைய நீர் நிற்கும் காலையில், உறவினர் யாவரும் அவரவர் வேலைக்குப் போய்விட்ட செவ்வாய்க்கிழமையில் ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பணியில் சேர்ந்து வைத்திருக்கும் ஈட்டிய விடுப்பில் நாற்பது நாள்களை இதற்குச் செலவிடுவது நல்ல முதலீடு. புதிய குடியிருப்புப் பகுதிக்கும் இதுவே முறை. வரப்போகும் மெட்ரோவை நம்பிய துவாரகா வாசிகளுக்கு அது 2005-இன் இறுதியில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் குடியேறியவர்கள் பேருந்துக்கும் தண்ணீர் வண்டிக்கும் காத்திருந்த ஆண்டுகளை விளம்பரத் தாள் சொல்லவில்லை. இன்று கண்ணால் காணும் வசதிக்கு விலை கொடுங்கள். நாளை வரும் என்பதற்கு விலை கொடுக்க வேண்டாம்.

பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் நம் நாட்டில் வழக்கத்தில் இருப்பதற்குக் காரணம், ஓராண்டைத் தாண்டும் குத்தகைகளைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டவிதி. அந்தக் குறுகிய ஒப்பந்தம் இத்தகைய குடும்பங்களுக்கு மிகவும் உதவக்கூடியது. நம் எடுத்துக்காட்டுத் தம்பதியர் ஓய்வுக்கு முன்னரே ஊர் வீட்டின் பாகத்தை உடன்பிறந்தாருடன் பேசிப் பதிவு செய்துகொள்கிறார்கள். அதை விற்கவுமில்லை, புதுப்பிக்கவுமில்லை. குடியிருப்பைக் காலி செய்யும் மாதத்தில் மயூர் விஹாரில் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடொன்றைப் பதினோரு மாதத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். 85 லட்சமும் ஓராண்டு வரை வைப்புகளில் இருக்கிறது. ஒரே ரசீதாக இல்லாமல், தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உடைக்கலாம் என்று ஆறு ரசீதுகளாக, இருவர் பெயரிலும், வாரிசு நியமனத்துடன். நவம்பர் மாதத்தில் தொடங்கி நாற்பது நாள் கும்பகோணம். மாணவர்களில் எத்தனை பேர் யமுனையைக் கடந்து வருகிறார்கள் என்பதை மனைவி அதே நோட்டில் எழுதி வருகிறார். ஒன்பதாம் மாதம் இருவரும் மீண்டும் தனித்தனியே ஒரு வாரம் ஏடு எழுதுவார்கள். வாங்குவதானால் எந்த ஊரில், யார் பெயரில், எவ்வளவு தொகைக்கு என்ற பேச்சு அதற்குப் பிறகு, மகனும் மகளும் வந்திருக்கும்போது.